'அறுப்பு முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள்! முதியவர்களைச் சத்தமில்லாமல் சாய்க்கும் ரத்த அழுத்தம்

தை மாதம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தவர். மாத்திரை தீர்ந்து இருபது நாளாகிவிட்டது.

"ஏங்க, நாளைக்காவது போயி மாத்திரை வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்கிறார் மனைவி. "மெஷினுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இப்போ போனா அரைநாள் போயிடும். அறுப்பு முடியட்டும், நெல்லைக் கொண்டுபோய் டி.பி.சி-ல போட்டுட்டுப் போறேன். எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்கிறார் பெரியவர்.

அறுப்பு முடிகிறது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து, எடை போடும் முறைக்காக இரண்டு இரவு காவல் இருக்கிறார். மூன்றாம் நாள் காலை, டீ கிளாஸை வாங்கும்போது அது வலதுகையிலிருந்து நழுவி விழுகிறது. பேச்சு குழறுகிறது. 'ராத்திரி பனி அடிச்சிருக்கும்' என்கிறார் ஒருவர். 'வாயுதான், சோடா வாங்கிக் கொடு' என்கிறார் இன்னொருவர். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெய் தேய்த்துப் பார்க்கிறார்கள். மகன் வந்து வண்டி பிடித்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. உயிர் பிழைக்கிறது. ஆனால், அந்தக் கை மறுபடி மண்வெட்டி பிடிக்கவில்லை.

இந்தக் கதையை ஓர் ஊரின் கதையாக மட்டும் பார்க்க வேண்டாம். டெல்டாவில் அறுப்பு என்றால், மேற்கே மஞ்சள் வெட்டு. தெற்கே பருத்தி எடுப்பு. காரணம்தான் மாறும். பயிருக்கு மருந்தடிக்கும் நாளைத் தவறவிடாதவர்கள், தங்களுக்கான மாத்திரை நாளைத் தவறவிடுகிறார்கள். விளைவு, வெள்ளாமைப் பணம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மருத்துவமனைக்கும், போக்குவரத்துக்கும், கூட இருப்பவரின் கூலி இழப்புக்கும் போய்விடுகிறது.

மோட்டாரும் குழாயும்

ரத்த அழுத்தம் என்பது நோயின் பெயரல்ல. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது, அது ரத்தக்குழாயின் சுவரில் கொடுக்கும் அழுத்தம்தான் அது. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் ரத்தம் மூளைக்கு ஏறாது. அளவுக்கு மிஞ்சும்போதுதான் சிக்கல்.

பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட் வால்வை முக்கால்வாசி மூடினால் என்ன ஆகும்? குழாயில் அழுத்தம் ஏறும். ஒருநாள் இரண்டு நாள் தாங்கும். தொடர்ந்து அப்படியே ஓடினால் எங்கே பலவீனமான இணைப்பு இருக்கிறதோ, அங்கே பிய்த்துக்கொண்டு போகும். மோட்டாரும் திணறும். உடம்பில் மோட்டார் இதயம். குழாய்கள் ரத்தக்குழாய்கள். பலவீனமான இணைப்பு மூளையிலும் இருக்கலாம், கண்ணிலும் இருக்கலாம், சிறுநீரகத்திலும் இருக்கலாம்.

பி.பி. பார்க்கும்போது இரண்டு எண்களைச் சொல்வார்கள். மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும்போது உள்ள அழுத்தம். 120/80-ஐ ஒட்டி இருப்பது நல்லது. வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலோ இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். இரண்டும் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை; ஏதாவது ஒன்று கூடியிருந்தாலே போதும்.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் நெகிழ்வை இழந்து விறைப்பாகின்றன. பழைய ரப்பர் ஹோஸ் வெயிலில் காய்ந்து கெட்டியாவதைப் போல. அதனால் முதியவர்களில் பலருக்கு மேல் எண் மட்டும் ஏறும். கீழ் எண் சரியாகவே இருக்கும். 170/76 என்று இருந்தால், 'கீழே நார்மல்தானே' என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். அது தவறு. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவருவதற்கு அந்த மேல் எண்ணே போதும்.

உழைக்கிற உடம்புக்கு வராதா?

'இது பட்டணத்து நோய், உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு வருவது' என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் 15 வயதைக் கடந்த பெண்களில் சுமார் 21 சதவிகிதத்தினருக்கும், ஆண்களில் 24 சதவிகிதத்தினருக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பது அல்லது அதற்காக மருந்து எடுத்துக்கொள்வது தெரியவந்தது. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. வயதானவர்களை மட்டும் தனியே எடுத்தால் விகிதம் இன்னும் கூடும். உலக அளவில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்னை இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு சொல்கிறது.

உழைப்பு நல்லதுதான். உடல் உழைப்பு அழுத்தத்தைக் குறைக்க உதவும். ஆனால், வயது, பரம்பரை, உப்பு, புகையிலை, மது, தூக்கக் குறைவு, கடன் கவலை எல்லாம் சேர்ந்து எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடப் போகும் விவசாயிக்கு முழுத்தூக்கம் ஏது? பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்ப காலத்தில் பி.பி. கூடியிருந்த பெண்கள், பிற்காலத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தலைசுற்றல், தலைவலி, படபடப்பு வந்தால்தான் பி.பி. என்பதும் தவறான நம்பிக்கை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. 'எனக்கு ஒண்ணும் பண்ணலையே' என்பது, வேர்ப்புழு இருக்கும் வயலில் நின்று 'இலை பச்சையாத்தானே இருக்கு' என்று சொல்வது போலத்தான். இலை வாடும்போது வேர் போயிருக்கும்.

எங்கெல்லாம் அடிக்கும்?

முதல் இடம் மூளை. ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம் வரும். உயர் ரத்த அழுத்தம்தான் இதற்கான காரணங்களில் முதலிடத்தில் இருப்பது. பெரிய பக்கவாதம் வராவிட்டாலும், நுண்ணிய குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கப்பட்டு ஞாபக மறதி, நடையில் தடுமாற்றம் ஏற்படலாம். 'வயசாச்சுன்னா மறக்கத்தானே செய்யும்' என்று விட்டுவிடும் மறதியில் ஒருபகுதி இப்படி வந்ததாக இருக்கலாம்.

அடுத்தது இதயம். கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும், பிறகு தளரும். வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சிரைப்பு, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, காலில் வீக்கம் ஆகியவை இதயம் தளர்ந்ததன் அடையாளங்கள். மாரடைப்புக்கும் இது வழி வகுக்கும்.

மூன்றாவது சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள் அழுத்தத்தில் சிதைந்தால் திரும்பி வராது. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் சேதம் வேகமாகும். கடைசியில் டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அதற்காகவே போய் வரும் நிலையில் வெள்ளாமை பார்ப்பது எப்படி?

நான்காவது கண். விழித்திரையில் உள்ள மெல்லிய குழாய்கள் கசிந்து பார்வை மங்கும். 'கண்ணாடி மாத்தணும்போல' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சரியாக அளந்தால்தான் சரியான கணக்கு

நடந்து வந்த மூச்சோடு கையை நீட்டினால் அளவு தப்பாகக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, பீடி, வெற்றிலைப் புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமீது இருக்க வேண்டும். சட்டைக் கையின்மேல் பட்டையைக் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை பார்ப்பது நல்லது. முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, எந்தக் கையில் கூடுதலாக இருக்கிறதோ, அந்தக் கையிலேயே பிறகு அளக்கலாம்.

முதியவர்களுக்கு இன்னோர் அளவும் முக்கியம். உட்கார்ந்து அளந்த பிறகு, எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் அளக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும் தன்மை சிலருக்கு இருக்கும். இவர்கள்தான் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்ததும், மாட்டுத் தொழுவத்தில் குனிந்து நிமிர்ந்ததும் கண் இருட்டி விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அது தனிக் கஷ்டம். இப்படி இருந்தால் மருத்துவர் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். தாமாக நிறுத்தக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் பொறுத்து நிற்கும் பழக்கம் வேண்டும்.

வீட்டில் கருவி வாங்குவதாக இருந்தால் மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டும் வகையே நல்லது. அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பால் சொசைட்டி அட்டையில் தினமும் லிட்டர் எழுதும் வீட்டுக்கு இது பெரிய வேலையல்ல. அந்த நோட்டு மருத்துவருக்குப் பல விஷயங்களைச் சொல்லும்.

வீட்டின் உப்புக் கணக்கு

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சுமாராக ஒரு டீஸ்பூன். கணக்கை வீட்டளவில் போட்டுப் பாருங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம். மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்கிறது என்றால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. இதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வடகம், கடையில் வாங்கும் மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றில் வரும் உப்பு சேரவில்லை.

குறைப்பதற்கு வழிகள் இருக்கின்றன. சோறு வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்தலாம். பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, குழம்புக்குத் தனியாக உப்பு போடாமல் வைக்கலாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி ஆகியவை ருசியைத் தூக்கிக் கொடுக்கும். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

உப்பில் சிறு மாற்றம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சீனக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைக் கடந்து உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என 20,995 பேர் அதில் பங்கேற்றனர். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு. மீதி ஊர்களுக்கு 75 சதவிகிதம் சோடியம் குளோரைடும் 25 சதவிகிதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், மாற்று உப்பு பயன்படுத்திய ஊர்களில் பக்கவாதம் 14 சதவிகிதமும், இறப்பு 12 சதவிகிதமும் குறைவாக இருந்தன. 2021-ல் முடிவுகள் வெளியாயின. சமையலறை டப்பாவில் உள்ள உப்பை மாற்றியதற்குக் கிடைத்த பலன் இது. ஆனால், ஓர் எச்சரிக்கை: சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கொல்லையில் விளையும் கீரை, வாழைத்தண்டு, அவரை, பயறு வகைகள், கொய்யா, வாழைப்பழம் எல்லாம் இயற்கையாகவே பொட்டாசியம் உள்ளவை. அழுத்தத்தைக் குறைக்க உதவுபவை. விற்பதற்கு மட்டும் கீரை போடாமல், வீட்டுக்கும் ஒரு பாத்தி ஒதுக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இங்கும் மருத்துவர் சொல்படிதான்.

மூட்டுவலி மாத்திரையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

நடவு, களையெடுப்பு என்று குனிந்தே உழைத்தவர்களுக்கு மூட்டுவலியும் இடுப்புவலியும் இல்லாமல் இருக்காது. மெடிக்கலில் 'வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பி.பி. மாத்திரையின் வேலையைக் குறைக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், வலி மாத்திரை சாப்பிடும் விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் இல்லாத பொட்டலப் பொடிகளையும், 'மூணே நாள்ல வலி பறந்துடும்' என்று விற்கும் உருண்டைகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து ஏறும்.

பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் அழுத்தத்தை ஏற்றும். பாட்டிமார்கள் இதைப் புகையிலைப் பழக்கமாகவே நினைப்பதில்லை. வெற்றிலை இருக்கட்டும், புகையிலையை எடுத்துவிடலாம். மதுவும் அப்படித்தான். 'உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர்' என்பது வலியை மறக்கச் செய்து அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மாத்திரைக்குப் பயம் வேண்டாம்

'வயசு எழுபத்தஞ்சு ஆச்சு. இனிமே மாத்திரை சாப்பிட்டு என்ன ஆகப்போகுது?' என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு 2008-ல் ஒரு பதில் கிடைத்தது. ஐரோப்பா, சீனா உள்ளிட்ட இடங்களில் 80 வயதை எட்டிய, மேல் எண் 160-க்குக் குறையாத 3,845 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 21 சதவிகிதம் குறைந்திருந்தது. இதயத் தளர்ச்சி 64 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆக, எண்பதிலும் மாத்திரை வீண் போவதில்லை. மிகவும் நலிந்த உடம்பாக இருந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று உண்டு. ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையை இரவில் சாப்பிட்டால் நடுராத்திரியில் எழுந்து நடக்க வேண்டிவரும். இவற்றைச் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள்; சொல்லாமல் நிறுத்தினால்தான் ஆபத்து.

மூலிகை பயிரிடுபவர்களுக்குச் சர்ப்பகந்தா தெரிந்திருக்கும். இந்தச் செடியின் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசெர்பைன் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம் மண்ணின் செடிக்குப் பெருமைதான். அதற்காக வேரை இடித்துத் தாமாகச் சாப்பிடலாம் என்று அர்த்தமல்ல. அளவு மீறினால் அழுத்தம் அதிகமாகச் சரியும், மனச்சோர்வும் வரும். சித்த மருத்துவம் பார்ப்பவர்கள் முறையாகப் படித்த மருத்துவரிடம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை அவரிடமும், சித்த மருந்தைப் பற்றி ஆங்கில மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

மருந்து வீடு தேடி வருகிறது

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதித்து, நோய் உள்ளவர்களுக்கு மாத்திரைகளைத் தருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. உங்கள் ஊர்த் தன்னார்வலர் யார் என்று தெரியாவிட்டால் துணை சுகாதார நிலைய செவிலியரிடம் கேளுங்கள். பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் வரும் நாளில் வயலில் இருப்பீர்கள் என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிராமத்துப் பெண்களால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு முன்பே ஓர் உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி வழிகாட்டுதலில், கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் உள்ளூர் இளம்பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வைத்தது. நோய் உள்ளவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே சிகிச்சை அளித்தது. சிறுநீரகம் கெட்ட பிறகு லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிட, கெடாமல் காப்பது மலிவு என்பதை அந்த முயற்சி காட்டியது.

பக்கவாதம் வந்தால் என்ன செய்வது?

முகம் ஒருபக்கம் கோணுகிறதா, ஒரு கையோ காலோ திடீரென்று துவள்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டி அடைத்து வந்த பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் பார்க்க வேண்டும். எனவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

அதுவரை குடிக்க, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும். அழுத்தம் கூடியிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பி.பி. மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. எண்ணெய் தேய்ப்பது, விரலில் ஊசி குத்துவது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சிறிது நேரத்தில் கை சரியாகிவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. அது பெரிய பக்கவாதத்துக்கான முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அளவு 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்விகள்

*மாத்திரை சாப்பிட்டதில் பி.பி. நார்மலுக்கு வந்துவிட்டது. நிறுத்தலாமா?*

நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் நிற்பதைப் போல, மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். எடையும் உப்பும் குறைந்து அளவு நன்றாக இறங்கியிருந்தால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார்.

*வெயிலில் வேலை செய்து வியர்க்கிறதே, உப்பு கூடுதலாக வேண்டாமா?*

சாப்பாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலும் போதும். வெயில் வேலையில் தண்ணீரும் நீர்மோரும்தான் அதிகம் தேவை. மோரில் ஒரு சிட்டிகைக்கு மேல் உப்பு வேண்டாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்றும் உடனே கேளுங்கள்.

*இந்துப்புக்கு மாறினால் நல்லதா?*

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அதை நம்பித் தாராளமாகப் போட்டால் பலனில்லை. கடையில் வாங்கும் இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படாமலும் இருக்கலாம்.

*பூண்டு, முருங்கைக்கீரை சாப்பிட்டால் மாத்திரை தேவையில்லையா?*

இரண்டும் நல்ல உணவு. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

*ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?*

கூடாது. அன்றே ஞாபகம் வந்தால் அன்றைய மாத்திரையைப் போடலாம். மறுநாளாகிவிட்டால் வழக்கம்போல ஒன்று மட்டும்.

காலண்டரில் ஒரு குறிப்பு

தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்கு மறுபடி வருவோம். கணவருக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தபோது, செவிலியர் அந்த அம்மாவுக்கும் பி.பி. பார்க்கிறார். 172/98. அதுவரை ஒருமுறைகூட அவர் அளந்து பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொன்னதும் இல்லை. பெரியவரைத் தூக்கி உட்கார வைப்பதும், இனி நிலத்தைப் பார்ப்பதும் அவர் கையில்தான். அவரும் விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பெரிக்க ஆளில்லை.

வயதானவர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இன்றே செய்யக்கூடியது இதுதான்: 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஒருமுறை பி.பி. பாருங்கள். வீட்டில் அடுப்படியிலேயே இருக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மறுபடி வாங்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். உரம் போடும் தேதி, பால் பணம் வாங்கும் தேதி, சங்கத்தில் கடன் கட்டும் தேதி குறித்து வைத்திருக்கும் அதே காலண்டரில்தான். அறுப்புக்கு மெஷின் இன்று வராவிட்டால் நாளை வரும். மாத்திரை நாளை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.